இத்தா அறைக்குள்ள ஆம்புளக் குரல்

கவலையில இருக்கிற ஆளுக்கு வெக்கம் வராது எண்டு நெறையப் பேர் நெனச்சிக்கொண்டு இருக்காங்க. அது பொய். ரெண்டும் ஒரே நேரத்தில வரும். ஒண்டுக்கு மற்றது வழி உடாது. எனக்கு இது எப்பிடித் தெரியும் எண்டா, மௌத்தாப் போன எங்கட வாப்பாக்கு நாப்பதாம் நாள் ஓதுற கத்தத்தில, ஊரு ஆம்புளைகள் எல்லாம் எங்கட ஹோலில துஆக்குக் கையேந்தி இருக்கக்குள்ள, உம்மா இத்தா இருந்த அறைக்குள்ள இருந்து ஒரு அந்நிய ஆம்புளட சத்தம் வெளிய கேட்டிச்சு. அந்த ஆம்புளயக் கொண்டு வந்தது நான் தான்.

(பயப்புடாதீங்க. ஆள் கொழும்பில. சத்தம் மட்டும் தான் எங்கட ஊட்டில.)

மொதல்ல இருந்தே சொல்றன்.

நாங்க இருக்கிறது புத்தளத்தில இருந்து கல்பிட்டிக்குப் போற ரோட்டில. வாப்பா பாலாவிச் சந்தியில த்ரீவீல் ஓட்டினவர். நான் பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்த உட்டவ. பெரிய வகுப்பு இருக்கிற ஸ்கூல் தூரம், அந்த நேரம் உம்மாக்கும் சொகமில்ல, அப்பிடியே நிண்டு போச்சு. ஆனா ஃபோன நோண்டி நோண்டி, புரோகிராம் எழுதுறது எப்பிடி எண்டு கொஞ்சம் புடிச்சிட்டன். மொத மொத நான் எழுதினது, பாலாவியில இருந்து ஒவ்வொரு ஊருக்கும் போற வழிய வரைஞ்சு காட்டுற ஒரு புரோகிராம். அது கல்பிட்டியக் கொண்டு போய் நடுக்கடலில வெச்சிச்சு. வாப்பாட்டக் காட்டினன். நல்லாப் பாத்துட்டு, "பரவால்ல மகள், கொஞ்சம் மண்ண அள்ளிப் போட்டாச் சரி" எண்டார். அடுத்த நாளே த்ரீவீல் பார்க்கில இருந்த எல்லாருக்கும் நான் கம்பியூட்டர் எஞ்சினியர்.

வாப்பா தான் என்ன மதுரங்குளியில ஒரு கம்பியூட்டர் வகுப்பில சேத்து உட்டார். அங்க இருந்த கம்பியூட்டர் கொஞ்சம். பொடியன்மார் மொதல்ல ஓடி வந்து உக்காந்துருவானுகள். நாங்க பொம்புளப் புள்ளகள் அவனுகட தோளுக்குப் பின்னால நிண்டு பாக்கணும். எங்களுக்கு மௌஸப் புடிக்கிற முறை வரக்குள்ள பாங்கு சொல்லிரும், வகுப்பு முடிஞ்சிரும். படிப்பிக்கிற சேரிட்டக் கேட்டா, பாத்துக்கொண்டு இருந்தாலே வெளங்கும் எண்டார். நீச்சல் பாத்துப் பழகின மாதிரித் தான். இத வாப்பாட்டச் சொன்னதுக்குப் பொறகு, அவர் பகல் ஹயர் ஓட்டமெல்லாம் உட்டுட்டு, பொடியன்மார் வாறதுக்கு முந்தி என்னக் கொண்டு போய் எறக்குவார். நான் உக்காந்துட்டன் எண்டு கண்ணால பாத்த பொறகு தான் போவார். முடியிற நேரம் வாசல்ல நிப்பார். ஆரும் ஒண்டும் கதைக்க ஏலாது.

அவர் நெஞ்சு நோவுது எண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கும் நான் வகுப்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டு தான் இருந்தன். வந்து கூட்டிட்டுப் போறன் எண்டு சொல்லிட்டுப் போனார். மையத்தாத் தான் வந்தார்.

அதோட வகுப்பும் முடிஞ்சு. கூட்டிட்டுப் போக ஆளில்ல. மஃரிபுக்குப் பொறகு இருட்டில ஒரு கொமர்ப் புள்ள பஸ்ஸில தனிய வந்தா ஊரு என்ன கதைக்கும் எண்டு மாமா சொன்னார். உம்மாட நானா அவர், கூடப் பொறந்த அண்ணன். கெட்ட மனுசன் இல்ல. வாப்பா மௌத்தான நாள்ல இருந்து எங்கட ஊட்டுக்கு அரிசி பருப்பு கொண்டு வாறது அவர் தான். ஆனா பொம்புளப் புள்ளைக்குத் தையல் மிசின் ஒண்டு போதும், மூள உள்ள மிசின் எதுக்கு எண்டு கேக்கிற ஆள்.

வாப்பா ஹயாத்தா இருக்கக்குள்ளயே, கொழும்பில ஒரு எடத்துக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தன். சொஃப்ட்வெயார் படிப்பிக்கிற எடம். சேட்டிபிகட் தேவல்ல, டெஸ்ட் ஒண்டு பாஸாகணும், ஊட்டில இருந்தே படிக்கலாம், லெப்டொப்பும் தருவாங்க. டெஸ்டும் ஊட்டில இருந்தே ஒன்லைன்ல தான். திகதி போட்டு இமெயில் வந்திச்சு. பாத்தா, நாப்பதாம் நாள் கத்தம் அண்டைக்கு. அதே நேரம்.

நான் அழுது அழுது பதில் போட்டன், வாப்பா மௌத்து, நாள மாத்த ஏலுமா எண்டு. ஆழ்ந்த அனுதாபங்கள், திகதியை மாற்ற இயலாது, அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் எண்டு வந்திச்சு. சரி, கத்தத்த மாத்த ஏலுமா எண்டு மாமாட்டக் கேக்கப் போனன். அவர்ட மொகத்தப் பாத்தன். தண்ணி குடிக்க வந்த மாதிரிக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டன்.

மாமாக்கு டெஸ்ட் விசயம் தெரிஞ்ச பொறகு அவர் சத்தம் போடல்ல. அது தான் பயம். உம்மா இருந்த அறை வாசல்ல நிண்டு அமைதியாச் சொன்னார்: "இது ஒண்டு தான் மகள். பாஸானா நான் வாய் தொறக்க மாட்டன். இல்லாட்டி நீ தொறக்கக் கூடாது. உம்மாட இத்தா முடிஞ்ச கையோட மாப்புள பாக்கிற."

நான் ஓம் எண்டன். வேற என்ன சொல்ல.

இப்ப எங்கட ஊட்டப் பத்திச் சொல்லணும். அது தெரியாட்டி இந்தக் கத வெளங்காது. ஹோல் ஒண்டு, அறை ஒண்டு. குசினி வெளிய, பின்னால. கத்தத்துக்கு ஹோலில ஆம்புளைகள் இருந்து ஓதுவாங்க. குசினிப் பக்கம் பண்டாரி, அதாவது சோறாக்க வந்த ஆள், அவரும் அவர்ட ஆக்களும். மிச்சம் இருக்கிறது அந்த ஒரு அறை. அதுல உம்மா இத்தா இருக்கிறா. புருசன் மௌத்தான பொம்புள நாலு மாசம் பத்து நாள் ஊட்டோட இருக்கணும், அந்நிய ஆம்புளைகள்ட கண்ணுல படக் கூடாது. உம்மா வெள்ள உடுத்து, தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ள, அந்தக் கட்டில்ல இருப்பா. இன்டர்நெட் எடுக்க ஃபோனுக்கு சிக்னல் வாறதும் அந்த அறை ஜன்னல்ல மட்டும் தான். பக்கத்து ஊட்டுக்குப் போகலாம் எண்டா, அண்டைக்கு எங்கட பக்கம் இருந்த எல்லா ஊட்டிலயும் வந்த ஆக்கள் நெறஞ்சு கெடந்தாங்க.

டெஸ்டுக்குச் சட்டம் போட்டிருந்தாங்க. கெமரா போட்டிருக்கணும். காதுல ஒண்டும் மாட்டக் கூடாது. தொடங்க முந்தி அறையச் சுத்திக் காட்டணும். அறையில வேற ஆரும் இருக்கக் கூடாது.

இந்த எடத்தில தான் என்ட மூள வேல செய்யத் தொடங்கிச்சு. (அது வேல செய்யாம இருந்திருந்தா நல்லம்.)

கட்டிலுக்குக் கீழ உம்மாவ ஒளிக்கலாம் எண்டு பாத்தன். அங்க கத்தச் சாப்பாட்டுக்கு எடுத்து வந்த, பல பேர் ஒண்டாச் சாப்புடுற பெரிய சஹன் தட்டெல்லாம் அடுக்கி இருந்திச்சு. அலுமாரிக்குள்ள ஏறச் சொன்னன். உம்மா என்ன ஒரு மாதிரிப் பாத்தா. பொறகு எனக்கு ஒரு ஐடியா. கெமரா எந்தப் பக்கம் பாக்குதோ, அதுக்கு எதிர்ப் பக்கம் தான் உம்மா. நான் லெப்டொப்பக் கையில வெச்சு மெதுவாச் சுத்துவன். உம்மா எனக்குப் பின்னால மெதுவாச் சுத்துவா. நான் ஒரு அடி, அவ ஒரு அடி. கெமராக்கு உம்மா எண்டு ஒராள் ஒலகத்திலயே இல்ல. நான் எழுதினதிலயே அழகான புரோகிராம் அது தான் எண்டு எனக்கு அவ்வளவு பெருமை.

முந்தின நாள் பழகிப் பாத்தம். லெப்டொப்பும் வகுப்பில இருந்த கூட்டாளி ஒருத்திட்ட எரவல் வாங்கினது. உம்மாக்கு மொழங்கால் வருத்தம். ரெண்டாவது சுத்தில அவ, "இது கஃபாவச் சுத்தி தவாபு செய்ற மாதிரி ஈக்கி" எண்டு மூச்சு வாங்கினா. சிரிச்சிட்டா. வாப்பா போன பொறகு உம்மா சிரிச்சது அது தான் மொத தடவ. அந்தச் சிரிப்பில நானும் மயங்கிட்டன். நல்லா ஓடுது எண்டு நெனச்சன்.

நான் யோசிக்காதது ஒண்டு. எங்கட அலுமாரிக் கதவில ஆள் உயரக் கண்ணாடி ஒண்டு இருக்கு. அது அப்ப தெரியல்ல. ஏனெண்டா, இத்தாவில இருக்கிறவ கண்ணாடி பாக்கக் கூடாது எண்டு மாமாட பொஞ்சாதி, மாமி வந்து பெட்ஷீட் போட்டு மூடி இருந்தா. மார்க்கக் கிதாபில அப்பிடி இருக்கோ எனக்குத் தெரியா. மாமிட மனசில இருந்திச்சு, மூடிட்டா. அந்த ஊட்டில அத்தன நாளும் பூப் போட்ட பெட்ஷீட் ஒண்டு தொங்கினது கண்ணுக்குப் பழகிப் போச்சு.

கத்தம் தொடங்கிச்சு. ஹோலில பள்ளிவாசல் லெவ்வை முன்னால இருந்து குர்ஆன்ல யாஸீன் ஓத, மத்தவங்களும் சேந்து ஓதுற சத்தம் அறைக்குள்ள நல்லாக் கேக்கும். அது வாப்பாக்கு ஓதுறது. அதுக்குப் பக்கத்தில இருந்து நான் லெப்டொப்பத் தொறக்கிறன். உம்மா ஜன்னலோரம், கெமராக்குப் பின்னால. மொகத்தையும் வெள்ளத் துப்பட்டியால மூடிக்கொண்டு, கண்ண மட்டும் வெளிய உட்டுக்கொண்டு நிக்கிறா. ஒரு சத்தமும் வரக் கூடாது எண்டு சொல்லி வெச்சிருந்தன்.

ஸ்கிரீனில ஒரு சேர் வந்தார். கண்ணாடி போட்ட, நேர்த்தியான மனுசன். நியூஸ் வாசிக்கிற மாதிரித் தமிழ். எனக்கு ஓதுற சத்தத்தில அவர் கதைக்கிறது கேக்கல்ல. அதனால சத்தத்தக் கூட்டினன். இன்னும் கூட்டினன். காதுல மாட்ட ஏலாதே.

மொதல்ல, ரெண்டு காதையும் காட்டச் சொன்னார். தலத்துணிக்குள்ள ஏதும் மாட்டி இருக்கா எண்டு பாக்கணுமாம். நான் முழிச்சன். கெமராக்குப் பின்னால உம்மா தலைய வேகமா ஆட்டுறா, வேணாம் வேணாம் எண்டு. ஹோலில வாப்பாக்கு யாஸீன் ஓதுது, நான் இங்க அந்நிய ஆம்புளக்குக் காதக் காட்டுறதா? "ஏலா சேர்" எண்டு சொன்ன சத்தம் எனக்கே கேக்கல்ல. சேர் கொஞ்சம் யோசிச்சிட்டு, மிஸ் ஒராள் இருக்கா, இப்ப சாப்பாட்டுக்கு எழும்பிட்டா, அவ பொறகு பாப்பா, இப்ப அறையச் சுத்திக் காட்டுங்க எண்டார். ஸ்கிரீனில மூலையில டெஸ்ட் நேரம் ஓடத் தொடங்கிட்டு. அது ஆருக்காகவும் நிக்காது எண்டும் சொன்னார்.

நான் சுத்தினன். உம்மாவும் சுத்தினா. கட்டில் போச்சு, சுவர் போச்சு, தொழுற மொசல்லா போச்சு. நான் ஒரு அடி, உம்மா ஒரு அடி. அலுமாரி வந்திச்சு. தாண்டப் போனன்.

"நில்லுங்க. அந்தத் துணிக்குப் பின்னால என்ன?"

அலுமாரி சேர் எண்டன். தாழ்ப்பாள் போட்ட அலுமாரியா, ஆள் நிக்கிற எடமா எண்டு கேட்டார். துணிய எடுத்துக் காட்டச் சொன்னார். கண்ணாடி மூடி இருக்கிறது எங்கட வழக்கம் சேர் எண்டு சொல்லி இருக்கலாம். அந்த நேரம் எனக்குப் பயத்தில வாய் ஓடல்ல, கை ஓடிச்சு. ஒரு கையால லெப்டொப்ப நெஞ்சோட அணச்சிக்கொண்டு, மத்தக் கையால பெட்ஷீட்ட இழுத்தன்.

உம்மா அந்த நேரமும் சரியான எடத்தில தான் நிண்டா. எனக்கு நேர் பின்னால. சொல்லிக் குடுத்ததில இருந்து ஒரு அடி பிசகல்ல. கண்ணாடியில நான். எனக்குப் பின்னால, தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளயா, மொகமில்லாம, ரெண்டு கண்ணு.

சேர் கதிரையோட பின்னுக்குப் போனார். கண்ணாடிக்குள்ள பாக்கிறன், ஸ்கிரீனில அவர்ட கால் தெரிஞ்சிச்சு. (வெள்ளி மால நேரம் வேற. அந்த மனுசன் என்ன நெனச்சிருப்பார் எண்டு எனக்குப் பொறகு தான் ஓடிச்சு.)

இதுல அல்லாஹ்ட நாட்டம் என்னெண்டா, அதே நேரம் ஹோலில யாஸீன் முடிஞ்சு. லெவ்வை துஆக்குக் கையத் தூக்கிட்டார். எல்லாரும் கையேந்திட்டாங்க. இருமல் கூட இல்ல. அந்த அமைதிக்குள்ள, லெப்டொப்பில கூட்டி வெச்ச முழுச் சத்தத்தில, கொழும்புச் சேர் சொன்னார்:

"உங்களுக்குப் பின்னால ஒரு பொம்பிள நிக்கிறா. அவவை முன்னுக்கு வரச் சொல்லுங்க. நான் அவவைப் பாக்க வேணும்."

ஒரு ஊரே மூச்சப் புடிச்சிக்கொண்டு இருந்திச்சு. இத்தா இருக்கிற பொம்புளட அறைக்குள்ள ஒரு ஆம்புள. அதுவும் பாக்க வேணும் எண்டு கேக்கிற ஆம்புள.

சேர் விடல்ல. இது மோசடி, வேற ஆள் இருக்கக் கூடாது எண்டு தெரியுமா, பரீட்சைய நிப்பாட்டப் போறன் எண்டு சொல்லிக்கொண்டே போறார். நான் சத்தத்தக் கொறைக்கிற பட்டனத் தேடுறன். எரவல் லெப்டொப், எங்க இருக்கு எண்டு தெரியா. அமத்தினது எல்லாம் வெளிச்சத்தத் தான் கொறச்சிச்சு. ஸ்கிரீன் இருட்டாப் போச்சு, சத்தம் அப்பிடியே.

கதவு தட்டுப்பட்டுச்சு. மாமா. தட்டினது பேருக்குத் தான், உள்ள வந்துட்டார். (நானா எண்டபடியா அவர் வரலாம்.) கதவ மூடினார். மூலையில உம்மா. என்ட கையில இருட்டு லெப்டொப். அதுக்குள்ள இருந்து ஆம்புளக் குரல். மாமாட மொகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு நெறத்துக்குப் போச்சு. என்ட படிப்பு முடிஞ்சு எண்டு அப்பவே எனக்கு வெளங்கிட்டு. மனசுக்குள்ள மாப்புளக்குப் பேர் வைக்கிற வரைக்கும் போயிட்டன்.

மாமா லெப்டொப்ப வாங்கிக் கட்டில்ல வெச்சார். முன்னால குந்தினார். தொப்பியச் சரி செஞ்சார். நான் வெளிச்சத்தக் கூட்டி உட்டன்.

"ஆரு நீங்க?"

"நான் பரீட்சை மேற்பார்வையாளர்."

"அது சரி. இது இத்தா இருக்கிற அறை எண்டு தெரியுமா?"

சேருக்கு இத்தா எண்டா என்ன எண்டு தெரியா. கேட்டுட்டார். மாமாட்ட அப்பிடி ஒண்டக் கேக்கக் கூடாது. அவர் தொடக்கத்தில இருந்து தொடங்கினார். எத்தன மாசம், ஏன் அத்தன மாசம், புள்ளத்தாச்சியா இருந்தா எப்பிடி எண்டு எல்லாம். மூலையில என்ட நேரம் ஓடுது. நான் "மாமா" எண்டன். கைய மட்டும் தூக்கி என்ன நிப்பாட்டினார். சேர் அங்க தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருக்கார். அவரும் நல்ல மாணவன் தான்.

எல்லாம் சொல்லி முடிச்சிட்டு மாமா கேட்டார்: "இப்ப உங்களோட பக்கத்தில ஆரு?"

ஒருத்தரும் இல்ல எண்டார் சேர்.

"எங்கட அறைய நீங்க சுத்திப் பாத்துட்டீங்க தானே. இப்ப உங்கட அறையக் காட்டுங்க."

அப்பிடி ஒரு நடைமுறை இல்ல எண்டார். எங்கட ஊட்டுப் பொம்புளைகளப் பாக்கிறதுக்கு எந்த நடைமுறை எண்டு கேட்டார் மாமா. சத்தம் போடல்ல. சத்தம் போடாத மாமா எப்பிடி எண்டு நான் சொன்னன் தானே. சேர் என்ன நெனச்சாரோ, லெப்டொப்பத் தூக்கிச் சுத்தினார். பைல் அடுக்கு வந்திச்சு, ஃபேன் வந்திச்சு. மூலை மேசையில ஒரு மிஸ் வந்தா. சோத்துப் பார்சலுக்குள்ள கை, வாய்க்குக் கிட்டக் கவளம், அப்பிடியே நிண்டுட்டா.

"ஒருத்தரும் இல்ல எண்டீங்க" எண்டார் மாமா.

மிஸ் கையக் கழுவிட்டு வந்து லெப்டொப் முன்னால இருந்தா. நடந்ததக் கேட்டா. அன்பான மொகம். ஆனா அவ சொன்னதும் அதே தான். எனக்கு விளங்குது, கவலையாவும் இருக்கு, ஆனா அறையில தனிய இருக்க வேணும், அது எல்லாருக்கும் உள்ள சட்டம், அடுத்த வருசம் பாப்பம் எண்டா. மாமா பெருமூச்சு உட்டுட்டு எழும்பினார். எனக்குக் கண்ணால தண்ணி ஓடத் தொடங்கிட்டு. வாயத் தொறக்கக் கூடாது எண்டு ஒப்பந்தம். நான் லெப்டொப்ப மூடக் கையக் கொண்டு போனன்.

உம்மா பின்னால இருந்து, "மூடாத" எண்டா.

கண்ணாடிப் பக்கம் வரல்ல, கெமராக்கும் முன்னால வரல்ல. நிண்ட எடத்தில நிண்டே கதச்சா. மாமா, "நிசா, நீ கதைக்காத" எண்டார். உம்மா அவரப் பாக்கவே இல்ல, மிஸ்ஸுக்குத் தான் சொன்னா.

"மகள், நான் இந்தப் புள்ளட உம்மா. எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவும் தெரியா. இவளுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்டுமில்ல. இவள இவட வாப்பா தான் கொண்டு போய் உட்டு, காத்து நிண்டு கூட்டிட்டு வாற. இப்ப அவரில்ல. எனக்கு வாசல்படி தாண்டேலா. நீங்க இவளத் தனிய இருக்கச் சொல்றீங்க. ஊரு இவளத் தனிய எங்கயும் போகாத எண்டு சொல்லுது. எனக்கும் இவளுக்கும் இந்த ஒரு அறை தான் ஈக்கி. எங்கள்ல ஆரு வெளிய போற எண்டு நீங்களே சொல்லுங்க. நான் போறன்."

மிஸ் சேரப் பாத்தா. சேர் மேசையப் பாத்தார். என்ட நேரம் மூலையில ஓடிக்கொண்டே இருந்திச்சு.

பொறகு மிஸ் கேட்டா, உம்மா கெமராக்கு முதுகக் காட்டிக்கொண்டு, தெரியிற மாதிரி ஒரு எடத்தில இருக்க ஏலுமா, நான் தான் பாத்துக்கொண்டு இருப்பன், சேர் வெளிய போவார் எண்டு. உம்மா அப்பவே மொசல்லாவ எடுத்து கட்டிலுக்கு அங்கால விரிச்சு, சுவரப் பாத்து இருந்துட்டா. நான் மிஸ்ஸுக்குக் காதக் காட்டினன். போன நேரம் போனது தான், திருப்பித் தர ஏலாது எண்டா. பாதி மிஞ்சிச்சு.

இனி மாமாட பிரச்சினை. ஹோலில ஆக்கள் துஆக்குக் கையேந்தினபடி இருக்காங்க. துஆ முடிஞ்சா சாப்பாடு. சாப்பாட்டுக்கு சஹன் தட்டு வேணும். தட்டெல்லாம் எங்கட கட்டிலுக்குக் கீழ. மாமா கட்டிலுக்குக் கீழ பாத்தார். என்னப் பாத்தார். சுவரப் பாத்து இருந்த தங்கச்சியப் பாத்தார். வெளிய போய்க் கதவச் சாத்தினார்.

அவர் லெவ்வையிட்டச் சொன்னது அறைக்குள்ள கேட்டிச்சு. "ஹஸரத், இன்னொரு யாஸீன் ஓதுவம். ஆறுதலா ஓதுங்க."

யாஸீன் மறுபடி தொடங்கிச்சு. லெவ்வைட வாழ்க்கையில அவ்வளவு ஆறுதலா ஓதி இருக்க மாட்டார். சோத்து வாசம் ஊடு முழுக்க வருது. பசியோட இருந்த ஆம்புளைகள்ட சத்தம் கொஞ்சம் கொஞ்சமா வேகமாகப் பாக்குது, மாமா முன்னால இருந்து இழுத்துப் புடிக்கிறார். நான் இங்க எழுதுறன். எழுதினது ஓடல்ல. அழிச்சிட்டு எழுதுறன். மறுபடி ஓடல்ல. கண்ணு மங்குது, தொடைக்கிறன்.

இடையில மிஸ் திடீரெண்டு கூப்பிட்டா. "உம்மாட கை என்ன செய்யுது?" கட்டில் ஓரத்தில வெச்சிருந்த உம்மாட வெரல் அசைஞ்சுகொண்டு இருந்திச்சு. தஸ்பீஹ் மணி உருட்டுறா மிஸ் எண்டன். ஒருவேள எந்த விடை சரி எண்டு காட்டுறாவோ எண்டு மிஸ்ஸுக்குச் சந்தேகம். எங்கட உம்மாக்கு ஃபோனில வாற கோல எந்தப் பக்கம் தள்ளி எடுக்கிற எண்டு இண்டைக்கும் ஞாபகம் இருக்காது. மிஸ் சொன்னதும் உம்மா தஸ்பீஹயும் கையோட மடியில வெச்சிட்டா. கடைசி வரைக்கும் அசையல்ல. மொழங்கால் வருத்தக்காரி.

கடைசிக் கணக்கு ஓடினதும் நேரம் முடிஞ்சதும் ஒண்டாத் தான் நடந்திச்சு. அனுப்பினன். போயிட்டு எண்டு ஸ்கிரீனில வந்திச்சு. நான் எழும்பி, குசினிப் பக்கக் கதவத் தொறந்து, ஹோலுக்கு வெளிய சுத்திக்கொண்டு போற பக்க வழியால த்ரீவீல் நிக்கிற எடத்துக்கு ஓடினன். பாதியில தான் நிண்டன். வாப்பாட்டச் சொல்லத் தான் ஓடி இருக்கன். அங்க த்ரீவீல் மட்டும் தான் நிண்டிச்சு. அதுட சீட்டில கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தன்.

திரும்பி வரக்குள்ள மாமா தனிய, வேர்க்க வேர்க்க, கட்டிலுக்குக் கீழ இருந்து தட்டு எடுத்துக்கொண்டு இருந்தார். என்னப் பாத்து ஒண்டும் கேக்கல்ல. ரெண்டு தட்ட என்ட கையில தந்தார்.

பாஸாகிட்டன். கடைசியில இருந்து ரெண்டாவது. எனக்குக் கீழ இருந்த பொடியனும் நானும் இப்பவும் நல்ல கூட்டாளி. எங்கட பெச்சில பொம்புளப் புள்ளகள் கொஞ்சப் பேர் தான். அதுக்கு அடுத்த பெச்சுக்கு வந்த சட்டத்தில புதுசா ஒரு வரி இருந்திச்சு, ஊட்டில தனி அறை இல்லாதவங்க முன்கூட்டியே சொன்னா பெண் மேற்பார்வையாளர் ஒராள் பாப்பா, ஊட்டு ஆள் ஒராள் முதுகு காட்டி இருக்கலாம் எண்டு. எங்கட ஊட்டில அதுக்குப் பேர் உம்மா சட்டம். மிஸ் தான் எனக்குப் பொறகு வகுப்பும் எடுத்தா. சேர் அண்டைக்குக் கண்ணாடியில பாத்தது என்ன எண்டு நெனச்சார் எண்டதையும் அவ தான் சொன்னா. சேர் அதுக்குப் பொறகு ஒரு கெழமை தனிய மேற்பார்வை பாக்கல்லயாம்.

மாமா சொன்ன சொல்ல மாத்தல்ல. படிப்பப் பத்தி வாயத் தொறக்கவே இல்ல. ஆனா இந்தக் கதைய மட்டும் எல்லா ஊட்டிலயும் அவர் தான் சொல்ற. அவர் சொல்றதில, டெஸ்ட் எழுதச் சொன்னதே அவர் தானாம். நான் திருத்திறதில்ல. வாப்பாக்கு வருசக் கத்தம் எண்டு சொல்லி ஆளனுப்பினா, ஊரு ஆம்புளைகள் இப்பவும் கேட்டு அனுப்புவாங்க, மகளுக்கு இந்த முற டெஸ்ட் ஏதும் ஈக்கா, ஈந்தா சாப்புட்டுட்டு வாறம் எண்டு.

ரெண்டு யாஸீன் ஓதின கத்தம் எண்டா எங்கட பக்கம் எங்கட ஊடு தான். மாமா சொல்வார், அதுல ஒண்டு மச்சானுக்கு, மற்றது இவட பரீட்சைக்கு எண்டு. எல்லாரும் சிரிப்பாங்க. உம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் திருத்துவா.

"ரெண்டும் அவருக்குத் தான் நானா. இவ பாஸாகணும் எண்டது அவர்ட தேவ தானே."